சமதளம் தேடும் கொம்பன்கள்

பொன்முடி மலையிலிருந்து பொழியூர் கடற்கரைவரை கால்பந்துக்கு ஆட்டக்காரர்கள் உண்டு, ரசிகர்கள் உண்டு, முதலீட்டாளர்களும் வந்துவிட்டார்கள். இல்லாதது ஒன்றுதான்: கிளப்புக்கென்று ஒரு மைதானம்.

கல்லாற்றைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்ற ஆரம்பிக்கிறது. மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். முதலில் காடு, பிறகு தேயிலைத் தோட்டம், கடைசியில் மரங்கள் விலகி, காற்றில் படுத்து எழும் புல்வெளி. திருவனந்தபுரத்திலிருந்து 61 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைநகரிலிருந்தும், எல்லை தாண்டி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்தும் வேன்களில் வந்து இறங்குகிறார்கள். மூடுபனி விலகக் காத்திருப்பதுதான் இங்கே முக்கியமான வேலை. விலகிவிட்டால் மேற்கே பள்ளத்தாக்கும் அதற்கப்பால் சமவெளியும் தெரியும். பத்தே நிமிடத்தில் திரும்பவும் மூடிக்கொள்ளும்.

புல்லுக்குப் பஞ்சமில்லாத இந்த மலையில் சமதளத்துக்குத்தான் பஞ்சம். ஒரு முழு அளவு கால்பந்து ஆடுகளத்துக்கு வேண்டியது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் ஏக்கர்தான். ஆனால் அது ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பொன்முடியில் ஓங்கி உதைத்த பந்தைத் தேடிக்கொண்டு அடுத்த வளைவுவரை இறங்க நேரிடும். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. பாரீஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி தேடிப் பல நாட்டு வீரர்கள் வந்தார்கள். சரிவையே மைதானமாக்கிக்கொள்ளும் விளையாட்டு என்பதால் மலைக்கும் அதற்கும் பொருத்தம் சரியாக இருந்தது. கால்பந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மலையை வெட்டிச் சமன் செய்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்காக இங்கே மெர்க்கிஸ்டன் எஸ்டேட்டில் நிலம் வாங்கப்பட்டபோது, அது சூழல் ரீதியில் நொய்ந்த நிலம் என்ற பிரச்சினை எழுந்து, 2008இல் கேரள அரசியலையே ஆட்டிவைத்தது. கடைசியில் அந்தக் கல்விக்கழகம் மலையடிவாரத்துக்கும் கீழே, நெடுமங்காடு அருகில் வலியமலையில்தான் அமைந்தது. ராக்கெட் படிப்புக்கே இடம் தராத மலை, ஸ்டேடியத்துக்கா தந்துவிடப் போகிறது?

இந்த மலைக்காடுகளில் உலவும் தந்தமுள்ள ஆண் யானைக்கு மலையாளத்தில் கொம்பன் என்று பெயர். தலைநகரின் தொழில்முறைக் கால்பந்துக் குழுவும் அந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டது: திருவனந்தபுரம் கொம்பன்ஸ். 2024 செப்டம்பரில் ஆறு அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளா போட்டிக்காகத் தொழில்துறையினர் சிலர் கூட்டாகப் பணம் போட்டு உருவாக்கிய குழு இது. பிரேசிலிலிருந்து பயிற்சியாளரும் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். முதல் ஆண்டிலேயே அரையிறுதிவரை போய், பின்னர் கோப்பையை வென்ற காலிக்கட் அணியிடம் 1-2 என்று தோற்றார்கள். புதுக் குழுவுக்கு மோசமான தொடக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொம்பனுக்குச் சொந்தக் காடு இல்லை. சொந்த ஊர் ஆட்டங்களை எல்லாம் ஆடியது காவல்துறைக்குச் சொந்தமான சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில்.

மலையடிவாரத்திலிருந்து பாளையம்வரை

பொன்முடியிலிருந்து தலைநகருக்கு இறங்கும் பாதை, நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. விதுராவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம். அதற்குக் கீழே ரப்பர் தோட்டங்கள். நெடுமங்காட்டில் சந்தையும் பஸ்களும் கடைகளும். அதன் பிறகு நகரம் வரும்வரை வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டே போகிறது. 2011 கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,500 பேர். கேரள மாவட்டங்களில் இதுதான் மிக அதிகம். இவ்வளவு நெருக்கடியில் மட்டமான ஒரு ஏக்கர் கண்ணில் பட்டால் அதில் வீடு எழும், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம் எழும்.

விதிவிலக்காக ஓர் இடம் இருக்கிறது. நெடுமங்காட்டுப் பாதையிலிருந்து சற்று விலகி, அருவிக்கரை அருகில் மைலம் என்ற ஊரில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி. ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படித்து விளையாட அரசு நடத்தும் பள்ளி. அதற்குப் பெயர் தந்த கோதவர்ம ராஜா பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பெண் எடுத்தவர். கேரளத்தில் விளையாட்டுக் கவுன்சிலுக்கு அடித்தளம் போட்டதும், கோவளத்தைச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றியதும் அவர் வேலை. 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13ஐக் கேரளம் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது. விளையாட்டுக்கு முதலில் நிலமும் நிர்வாகமும் வேண்டும், கோப்பை பிறகு வரும் என்று நினைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

நகரின் நடுவே பாளையம். சட்டமன்றம், பல்கலைக்கழகம், மசூதி, தேவாலயம், கோயில், சந்தை எல்லாம் கூப்பிடு தூரத்தில். பல்கலைக்கழக ஸ்டேடியமும் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியமும் இந்தப் பகுதியில்தான். தலைமைச் செயலகத்துக்குப் பின்னால் சென்ட்ரல் ஸ்டேடியம். தலைநகரில் மைதானமே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிற மைதானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அது கால்பந்துக் கிளப் இல்லை என்பதுதான் விஷயம்.

முன்பு இது ஒரு குறையாகத் தெரியவில்லை. அப்போது ஆடியவர்களே அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும்தான். வேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஓர் அணி. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூருக்கு ஓர் அணி. எல்லோருக்கும் மேலாகக் கேரள போலீஸ். வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி என்று காக்கிச் சட்டைக்காரர்கள் 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து வென்றார்கள். 1992இல் கோயமுத்தூரில் சத்யன் தலைமையில் கேரளம் சந்தோஷ் டிராபியைத் தூக்கியதைப் பார்த்த தமிழ் ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், பதவி உயர்வு. யாரும் லாபக் கணக்குப் பார்க்கவில்லை. மைதானமும் துறைக்கே சொந்தமாக இருந்தது.

அந்தக் காலம் மெல்ல முடிந்தது. தேசிய லீகின் முதல் பிரிவுவரை ஏறிய ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் 2017 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. வங்கியின் பெயரே மறைந்துவிட்டது.

வந்தவர்கள், போனவர்கள்

துறைகளின் இடத்துக்கு முதலீட்டாளர்கள் வந்தார்கள். கேரளத்தின் முதல் தொழில்முறைக் குழுவான எஃப்.சி. கொச்சின் 1997இல் பிறந்தது. அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. பணம் வற்றியதும் 2002இல் கதை முடிந்தது. 2004இல் வந்த விவா கேரளா ஏழாண்டு தாக்குப் பிடித்தது. 2011இல் சிராக் என்ற புதிய முதலீட்டாளர் வாங்கிப் பெயரையும் மாற்றினார். அடுத்த ஆண்டே அணி லீகிலிருந்து கீழே இறங்கியது, கிளப்பும் கலைந்தது.

பிறகு கேரளா பிளாஸ்டர்ஸ். 2014இல் சச்சின் டெண்டுல்கரும் பி.வி.பி. நிறுவனமும் சேர்ந்து தொடங்கியபோது கொச்சி மஞ்சள் நிறமாக மாறியது. 2016 ஜூன் 1ஆம் தேதி சச்சின் திருவனந்தபுரத்துக்கு வந்தார். பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்த முதல்வர் பினராயி விஜயனைச் சந்தித்துவிட்டு, குழுவின் புதிய முதலீட்டாளர்களை அறிமுகப்படுத்தினார். தொழிலதிபர் நிம்மகட்ட பிரசாத், நடிகர்கள் சிரஞ்சீவி, நாகார்ஜுனா, தயாரிப்பாளர் அல்லு அரவிந்த். உறைவிடக் கால்பந்துப் பயிற்சிப் பள்ளி வரும் என்ற அறிவிப்பும் அன்று வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2018 செப்டம்பரில், சச்சினே தன் பங்கை விற்றுவிட்டு விலகினார். கோழிக்கோட்டில் 2017இல் கோகுலம் குழுமம் தொடங்கிய கோகுலம் கேரளா இரண்டு முறை ஐ-லீகை வென்றது.

இந்தக் குழுக்களுக்குள் ஒரு ஒற்றுமை. பிளாஸ்டர்ஸ் பேர் வாங்கிய கொச்சி ஸ்டேடியம் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தம். கோகுலத்தின் கோழிக்கோடு ஸ்டேடியம் மாநகராட்சிக்கு. கொம்பன்ஸின் ஸ்டேடியம் போலீசுக்கு. எல்லோருமே வாடகைக் குடித்தனம்.

வாடகைக்கு ஆடும் கிளப்பின் வரவு செலவு எளிதானது. ஆட்ட நாளில் டிக்கெட் பணம் கிடைக்கும். சட்டையில் விளம்பரம் கிடைக்கும். தொலைக்காட்சிப் பங்கு ஏதாவது இருந்தால் கிடைக்கும். மற்ற 300 நாளும் மைதானம் வேறொருவருடையது. உணவுக் கடை, பயிற்சிக் கட்டணம், நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடுவது என்று ஒரு ரூபாய் தேறாது. விளக்கு மாற்றவும் நாற்காலி போடவும் அனுமதி வேண்டும். அடுத்த ஆண்டு இதே இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லாதபோது எந்த முதலீட்டாளரும் பத்தாண்டுத் திட்டம் போட மாட்டார். வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்குவார். அது உடனே கண்ணுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் கையை உதறிவிட்டுப் போவதும் சுலபம்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கிளப் 1892 முதல் குடிசன் பார்க்கில் ஆடியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபிரீட்கின் குழுமம் அதை வாங்கியபோது, துறைமுகக் கரையில் சுமார் 52,000 பேர் அமரும் புது ஸ்டேடியம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. 2025 ஆகஸ்டில் அதில் லீக் ஆட்டங்கள் தொடங்கின. கிளப்பை வாங்கியவருக்கு மைதானமும் சேர்ந்தே வந்தது. இந்தியாவில் அப்படி ஒரு நகரத்தைத் தேடினால் ஜாம்ஷெட்பூர்தான் நினைவுக்கு வரும். அங்கே டாட்டா ஸ்டீல்தான் கிளப்பை நடத்துகிறது, டாட்டாவின் வளாகத்திலேயே அணி ஆடுகிறது. கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மைதானங்கள் நூற்றாண்டுப் பெருமை பேசினாலும் அவை நிற்கும் மைதான் நிலம் ராணுவத்தின் வசம். சென்னையின் எஃப்.சி. பேர் வாங்கிய நேரு ஸ்டேடியமும் தமிழக அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையதுதான்.

காரியவட்டத்தின் கதை

திருவனந்தபுரத்துக்குப் புது ஸ்டேடியம் வருமா என்று கேட்கிறவர்கள் முதலில் காரியவட்டத்தைப் பார்க்க வேண்டும். நகருக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலை ஓரம், கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் சுமார் 36 ஏக்கரில் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் நிற்கிறது. 50,000 பேர் உட்காரலாம். ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமம் வடிவமைத்து, கட்டி, 15 ஆண்டு நடத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. 2015 ஜனவரி 31ஆம் தேதி தேசிய விளையாட்டுப் போட்டி இங்கேதான் தொடங்கியது.

அடுத்த குளிர்காலத்தில் கால்பந்து வந்தது. தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், 2016 ஜனவரி 3. ஆப்கானிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றது. கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் சுனில் சேத்ரி. தலைநகரக் கால்பந்துக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று அன்றைக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

ஆனால் 2017 நவம்பர் 7ஆம் தேதி இந்தியாவும் நியூசிலாந்தும் மழைக்கு நடுவே எட்டு ஓவர் கிரிக்கெட் ஆடின. இடம் கொள்ளாத கூட்டம். மறு ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் ஆட்டத்தைக் கொச்சியில் வைக்கக் கேரளக் கிரிக்கெட் சங்கம் முனைந்தது. உலக இளையோர் கால்பந்துக்காகப் போட்ட புல்லைக் கொத்திக் கிரிக்கெட் பிட்ச் போடுவதா என்று கால்பந்து ரசிகர்கள் கொதித்தார்கள். சச்சினும் கங்குலியும்கூட அவர்கள் பக்கம் பேசினார்கள். ஆட்டம் காரியவட்டத்துக்கு மாறியது. கொச்சியில் கால்பந்து ஜெயித்தது. அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தது திருவனந்தபுரத்துக் கால்பந்து. 2018 நவம்பர் 1ஆம் தேதி அந்த ஆட்டம் நடந்ததோடு கிரீன்ஃபீல்டு கிரிக்கெட்டின் வீடு என்பது ஏறக்குறைய உறுதியானது. 2023 ஜனவரியில் இலங்கையை இந்தியா 317 ரன்னில் தோற்கடித்து உலக சாதனை படைத்ததும் இங்கேதான்.

2024 செப்டம்பரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. கேரளக் கிரிக்கெட் லீகின் ஆறு அணிகளும் கிரீன்ஃபீல்டில் விளக்கொளியில் ஆடிக்கொண்டிருந்த அதே மாதம், கால்பந்து லீகில் தலைநகரின் அணி போலீஸ் மைதானத்தில் வாழ்க்கையைத் தொடங்கியது. இரண்டும் ஒரே ஸ்டேடியத்தில் ஆடக் கூடாதா என்றால், ஆடலாம். ஆனால் நடுவில் களிமண் பிட்ச் உள்ள இடத்தில் பந்து ஒரு விதமாக எழும்பும், புல்லில் வேறு விதமாக ஓடும். கிரிக்கெட்டின் வட்ட மைதானத்தில் கால்பந்துக் கோடு போட்டால் முதல் வரிசை ரசிகரே வெகுதூரத்தில் இருப்பார். 8,000 பேர் வந்தாலும் 50,000 நாற்காலிக்கு நடுவில் அது வெறிச்சோடியே தெரியும்.

ஆக, தலைநகருக்கு வேண்டியது இன்னொரு பிரும்மாண்டம் அல்ல. ஆடுகளத்தை ஒட்டி உட்காரக்கூடிய பத்துப் பதினைந்தாயிரம் நாற்காலிகள், நல்ல விளக்கு, பக்கத்தில் ஒரு பயிற்சி மைதானம். பெரிய பெயர்களைக் காட்டி ஸ்டேடியம் கட்டும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2025இல் கொச்சியே பாடம் சொன்னது. மெஸ்ஸியின் அர்ஜென்டினா நவம்பரில் ஆட வருகிறது என்று ஸ்பான்சரை வைத்து ஸ்டேடியத்தைச் செப்பனிடத் தொடங்கினார்கள். நவம்பர் வந்தது, அர்ஜென்டினா வரவில்லை. அதே ஆண்டு ஐ.எஸ்.எல். போட்டியும் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு உரிய காலத்தில் தொடங்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தனியார் கிளப் ஒன்று தலைநகரின் விலையில் நிலம் வாங்கிக் கட்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

நடக்கக்கூடியது நீண்டகாலக் குத்தகை. இருக்கிற அரசு மைதானங்களில் ஒன்றை ஐந்தாறு வாரத்துக்கு அல்லாமல் பதினைந்து, இருபது ஆண்டுக்குக் கிளப்பிடம் கொடுத்து, பதிலுக்கு விளக்கும் கூரையும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி நேரமும் கேட்டு வாங்கலாம். கிரீன்ஃபீல்டின் ஒப்பந்தக் காலம் முடியும்போது, அந்த 36 ஏக்கரில் கால்பந்துக்கும் ஓர் ஓரம் உண்டா என்று பல்கலைக்கழகத்தையும் அரசையும் கேட்கலாம். “ஒரு பஞ்சாயத்து, ஒரு மைதானம்” என்று கேரள அரசு தொடங்கிய திட்டம் மலையோரப் பஞ்சாயத்துகளுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், விதுரா பையன் பஸ் ஏறி மணிக்கணக்கில் நகரத்துக்கு வரவேண்டியதில்லை. அடுத்த முதலீட்டாளர் வரும்போது அவர் எந்த நட்சத்திரத்தைக் கூட்டிவருகிறார் என்பதைவிட, எத்தனை ஆண்டுக்கு மைதானம் எழுதி வாங்கியிருக்கிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கரை கரைகிறது

இந்தக் கேள்வியின் அவசரம் தெரிய வேண்டுமானால் மலையை விட்டுக் கடலோரத்துக்கு வரவேண்டும். நகருக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் 2025 மே 2ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த பன்னாட்டுத் துறைமுகத்தின் பளுதூக்கிகள் வானத்தில் நிற்கின்றன. மாவட்டத்துக்குப் பெரிய பணம் வந்துவிட்டதன் அடையாளம். அதே கரையில்தான் முன்னாள் வீரர் எபின் ரோஸ் மீனவப் பிள்ளைகளைத் திரட்டிக் கோவளம் எஃப்.சி.யை வளர்த்தெடுத்தார்.

இன்னும் தெற்கே பூவாறு கழிமுகத்தைத் தாண்டினால் பொழியூர். சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பி அனுப்பியே பெயர் வாங்கிய மீனவ கிராமம். அதற்கடுத்து தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ராஜ்ஜியமாகவும் பிறகு ஒரே மாநிலமாகவும் இருந்ததை இங்கே பந்து இன்னும் மறக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று குமரி மாவட்டக் கடலோரம் முழுக்கக் கால்பந்துதான். ஐ.எஸ்.எல். ஆடிய மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் மைக்கேல் ரெஜினும் இரவிபுத்தன்துறைக்காரர்கள். இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுவதும் பந்தை உதைக்கப் பழகுவதும் மணலில்தான். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை லேசாக இருக்கும் என்பார்கள்.

அந்த மணல் குறைந்துகொண்டு வருகிறது. சங்குமுகத்திலிருந்து பொழியூர்வரை கடல் அரிப்பு வீடுகளையும் சாலைகளையும் தின்றிருக்கிறது. கரையைக் காக்கக் கொட்டும் பாறாங்கற்கள் இருக்கும் இடத்தில் பந்து விளையாட முடியாது. மேலே மலையில் சமதளம் எப்போதுமே கிடையாது. கீழே இயற்கை இலவசமாகக் கொடுத்திருந்த சமதளம் ஒவ்வொரு தென்மேற்குப் பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. நடுவில் நகரத்தில் இருப்பது எல்லாம் யாரோ ஒருவருடையது.

முதலீட்டாளருக்குப் பொறுமை எவ்வளவு நாள் என்பது அவருடைய கணக்கு. பொழியூர் பையனுக்குக் கணக்கு வேறு. பன்னிரண்டு வயதில் அவனுக்கு ஒரு மைதானம் வேண்டும். இருபது வயதிலும் அது அங்கேயே இருக்க வேண்டும்.